கேபிவி பெப்டைடு: சந்தேகங்களும் விளக்கங்களும்

பெப்டைடு என்றால் என்ன? கேபிவி எது?

அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிதான் பெப்டைடு. கேபிவியில் மூன்றே கண்ணிகள்: லைசின், புரோலின், வாலின். நம் உடலில் சுரக்கும் ஆல்ஃபா-எம்எஸ்எச் ஹார்மோனில் உள்ள 13 அமினோ அமிலங்களில் கடைசி மூன்று இவை. ஆய்வுக்கூடத்தில் இதைச் செயற்கையாகச் செய்கிறார்கள்.

அழற்சியைக் குறைக்கிறது என்கிறார்களே?

செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்றொரு புரதம் உண்டு. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-ல் கண்டறிந்தது. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் அதைக் கட்டிப்போட்டிருக்கும். கிருமியோ காயமோ சமிக்ஞை அனுப்பினால் கட்டு சிதையும்; என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை இயக்கும். கேபிவி இந்த ஓட்டத்தை மட்டுப்படுத்துவதாக, 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று குடல் செல்களில் காட்டியது. குடிநீரில் கலந்து கொடுத்தபோது சுண்டெலிகளின் பெருங்குடல் அழற்சியும் குறைந்தது.

எலிக்குக் கேட்டது நமக்கும் கேட்காதா?

கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அந்த எலிகளுக்கு வந்தது ரசாயனம் கொடுத்து உண்டாக்கிய புண். மனிதருக்கு வரும் குடல் அழற்சியோ ஆண்டுக்கணக்கில் தணிந்தும் கிளர்ந்தும் படுத்துவது. தட்டில் வளரும் செல்லின் மேல் மருந்து அப்படியே நிற்கும். ரத்தத்தில் நொதிகள் அதை வெட்டித் தள்ளும். பலன் கேபிவியின் வரிசையால்தான் வந்ததா என்று பார்க்க, நல்ல ஆய்வாளர்கள் அதே மூன்று அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்தும் சோதிப்பார்கள். அதுவும் அதே பலனைத் தந்தால், வரிசைக்கென்று தனி மகிமை இல்லை.

இணையத்தில் வாங்கிய குப்பியில் ‘98 சதவீதம் தூய்மை’ என்று இருக்கிறதே?

பெரும்பாலும் அது பெப்டைடின் வேதியியல் தூய்மை மட்டுமே. பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அது துளியளவு கலந்திருந்தாலே அழற்சியைக் கிளப்பிவிடும். நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். குப்பியில் இருக்கும் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற வாசகம் விற்பவருக்குத்தான் பாதுகாப்பு.

அப்படியானால் இதெல்லாம் வீண்தானா?

இல்லை. அதே ஆல்ஃபா-எம்எஸ்எச் ஹார்மோனைச் சற்று மாற்றிச் செய்த அஃபாமெலனோடைடு, வெயில் பட்டாலே தோல் எரியும் ஓர் அரிய நோய்க்கு ஐரோப்பாவில் 2014-லும் அமெரிக்காவில் 2019-லும் அனுமதி பெற்றது. 1980 வாக்கில் உருவான மூலக்கூறு அது; அனுமதி வரை வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

மூட்டுவலிக்கென்று ஒரு குப்பி வாங்கிவிட்டேன். ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், குப்பியையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.