வெள்ளைக்காரன் மரத்துக்குப் பின்னால்

மூன்றடி நீளம், இரண்டடி அகலம். விறாந்தைச் சீமெந்தில் வெண்கட்டியால் கீறினேன். உயரம் இரண்டடி எட்டங்குலம். அதற்குச் சுவரில் ஒரு கோடு. "இதுக்குள்ள ஆர் இருந்து பாக்கப் போறீங்கள்?"

சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவார்கள். படிப்பிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானாகத் தேடிக்கொண்ட வேலை இது. கதைப் புத்தகம் வாசிப்போம், படம் கீறுவோம், பணிஸ் சாப்பிடுவோம். அன்றைக்கு முதலில் இருந்தவன் ஒரு பத்து வயதுப் பெடியன். முழங்காலை நெஞ்சோடு மடித்து, தலையைக் குனிந்து, ஒரு மாதிரி அடங்கிவிட்டான். "எவ்வளவு நேரம் ரீச்சர்?" என்றான். இருபத்தேழு மணித்தியாலம் என்றேன். நாலு நிமிடத்தில் எழும்பிவிட்டான்.

1849 மார்ச்சில் அமெரிக்காவின் றிச்மண்ட் நகரிலிருந்து பிலடெல்பியாவுக்கு அந்த அளவான மரப்பெட்டிக்குள் தன்னைத்தானே பார்சலாக அனுப்பித் தப்பிய அடிமை ஹென்றி பிறவுண். கொஞ்சம் தண்ணீரும் சில பிஸ்கற்றும்தான் துணை. வழியில் பெட்டி தலைகீழாகவும் கிடந்தது. அதற்கு முந்தின வருடம் அவருடைய மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விற்றுவிட்டார்கள். அந்தக் கதையை எலன் லெவின் எழுத, கடீர் நெல்சன் படம் வரைந்து 2007இல் ஆங்கிலத்தில் வந்த படப் புத்தகத்தைக் கனடாவில் இருக்கிற என் மகள் உடுப்புப் பெட்டியொன்றில் வைத்து அனுப்பியிருந்தாள். ஓவியரின் பெயரைக் கதிர் என்று வாசித்த ஒருவன் "எங்கட ஆளோ?" என்று கேட்டான். இல்லையடா என்றேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

புத்தகம் பெட்டியில் தொடங்கவில்லை. ஹென்றிக்குத் தன் வயது தெரியாது என்பதில் தொடங்குகிறது. அடிமைகளுக்குப் பிறந்தநாள் இல்லை. பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றார்கள். சவுக்கு, சங்கிலி எல்லாம் அவர்கள் சினிமாவில் பார்த்தவை. பிறந்தநாள் இல்லாத பிள்ளையை எங்கும் பார்த்ததில்லை.

அடிமைத்தனத்தைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளோடு கதைக்கலாமா என்று கேட்கிற தாய் தகப்பன்மாருக்கு நான் சொல்வது இதைத்தான். புத்தகத்தை முதலில் நீங்கள் தனியே இருந்து புரட்டுங்கள். அதற்குள் ஒரு பிள்ளை இருக்கிறதா, அது எங்கே நிற்கிறது, யாருடைய கண்ணால் பார்க்கிறது என்று தேடுங்கள். நல்லதும் கெட்டதும் அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

கெட்டதுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜோர்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளுக்குக் கேக் செய்கிற கதையாக 2016 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு படப் புத்தகம் வந்தது. சமையற்காரர் ஹேர்க்கியுலிஸ், வாஷிங்டனின் அடிமை. கதை சொல்வது அவருடைய மகள். பிள்ளையின் கண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சீனி இல்லாத கவலையும், மா பிசைகிறவர்களின் சிரிப்பும்தான். கடும் கண்டனம் எழுந்தது. அதே மாதத்தில் ஸ்கொலஸ்ரிக் பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தேயிலைப் பெட்டியில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற பெண்ணின் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சிரிப்பு எப்படி வரையப்படுகிறது என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

உண்மையான ஹேர்க்கியுலிஸ் 1797 பெப்ரவரி 22ஆம் திகதி, வாஷிங்டனின் பிறந்தநாளன்றே தப்பி ஓடிவிட்டார். சில வாரங்கள் கழித்து ஒரு பிரெஞ்சு இளவரசர் வாஷிங்டனின் வீட்டுக்குப் போனார். அவருடைய பணியாள் ஹேர்க்கியுலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவை இனிக் காணமுடியாதே, கவலை இல்லையா என்று கேட்டான். சந்தோஷம்தான், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்ற கருத்தில் அவள் பதில் சொன்னதாக இளவரசர் எழுதி வைத்திருக்கிறார். கேக்கை விட்டுவிட்டு இந்தப் பிள்ளையைப் படமாக்கியிருக்கலாம்.

நானும் பிழை விட்டவள்தான். இந்தச் சனிக்கிழமை வாசிப்பைத் தொடங்கிய புதிதில், ஏலம் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நினைத்து, கரையில் மீன் ஏலம் போடுவதுபோல அடிமை ஏலம் ஒன்றை நடிக்கச் சொன்னேன். விலை கூறுகிறவன் அச்சாவாய்க் கூறினான். எல்லாரும் சிரித்தார்கள். விற்கப்பட்ட பிள்ளையும் சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது தாய், "ஏன் ரீச்சர் இவளைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். சும்மா கை காட்டியதுதான். ஆனால் அந்த வீட்டாரை எங்கள் ஊரில் பரம்பரையாகச் சிலர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. அன்றோடு நடிப்பை விட்டேன். பெட்டியை அளப்பது வேறு: அதற்குள் ஒருவர்தான் இருக்கலாம், எழும்புவது அவர் இஷ்டம், வெளியே விலை கூற யாரும் இல்லை.

அந்தத் தாயின் கேள்விதான் என்னை அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கூட்டிவந்தது.

எங்கள் பிள்ளைகள் அடிமை என்ற சொல்லை முதலில் கேட்பது தேவாரப் பாட்டிலும் புராணக் கதையிலும். எனக்கு அம்மம்மா சொன்னது சுந்தரரின் கதை. கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு வருகிறார்: "உன் பாட்டன் எனக்கு அடிமை, நீயும் அடிமை." சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து வழக்கு அவர் பக்கம் தீர்கிறது. கிழவர் சிவபெருமான் என்பதால் கதை இனிப்பாக முடிகிறது. என் விறாந்தையில் இந்தக் கதைக்குப் பிள்ளைகள் கீறிய படங்களில் எல்லாம் ஓலைதான் பெரிதாக இருந்தது. ஒருத்தி கேட்டாள்: "அப்பப்பா எழுதிக் குடுத்தா பேரன் ஏன் போகவேணும்?"

தெய்வத்தை எடுத்துவிட்டால் எஞ்சுகிற கேள்வி அதுதான். ஆளை விற்கும் ஓலை புராணக் கற்பனை அல்ல. 1201இல், நெல் விலை ஏறிய பஞ்சத்தில், ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண் மக்களையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றதைக் கல்வெட்டு சொல்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தபோது, அடிமைகளுக்கென்று அதில் ஒரு பகுதியே இருந்தது. எந்தெந்தச் சாதியார் என்று பெயரோடு. அந்தப் பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அந்தப் பெயர்களைச் சுமந்த வீடுகளின் பிள்ளைகளும், சுமக்க வைத்த வீடுகளின் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்துதான் என்னிடம் பணிஸ் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் புத்தளத்தில் மட்டுமல்ல, திருகோணமலையிலும் இருக்கிறார்கள். சுருட்டை முடிக்காரனைக் "காப்பிலி" என்று பட்டம் தெளிக்கிற பழக்கம் பள்ளிக்கூடங்களில் இன்னும் போகவில்லை. ஹென்றியின் முகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகு என் விறாந்தையில் அந்தச் சொல் ஒருதரம் வந்தது. சொன்னவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

எங்கள் ஊர் அடிமைக் கதைகளுக்குத் தமிழில் படப் புத்தகம் தேடினேன். என் கைக்கு எதுவும் அகப்படவில்லை. சரி, நாங்களே செய்வோம் என்று பிறிஸ்டல் மட்டை வாங்கினேன்.

முதலில் முடிந்தது இரண்டு குழந்தைகளின் படம். 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலில், இலங்கையில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் பலர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: அந்த வருடம் ஓகஸ்ட் 12 முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர். அந்தத் திகதி ஏன்? பிரித்தானிய இளவரசரின் பிறந்தநாள். "ஹென்றிக்குப் பிறந்தநாள் இல்லை, இவையளுக்கு ஆற்றையோ பிறந்தநாள்" என்றாள் ஒருத்தி. மட்டையை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 11ஆம் திகதி இரவு பிறந்த குழந்தை, வலப்பக்கம் மறுநாள் பிறந்த குழந்தை. இரண்டையும் ஒரே மாதிரிக் கீறச் சொன்னேன். வித்தியாசம் காட்டாமல் எப்படி ரீச்சர் கீறுவது என்று சண்டை பிடித்தார்கள். முடியாதுதான்.

1833இல் பிரித்தானியா தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் நிலங்களுக்கும் இலங்கைக்கும் சென்ற் எலேனாத் தீவுக்கும் அதில் விலக்கு. இலங்கையில் அது சட்டப்படி முடிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடுதான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் சலிப்பு. ஆனால் சென்ற் எலேனா என்ற பெயரை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காரணம் மூதூர்.

துறைமுகத்துக்கு அப்பால் கொட்டியாரக்குடாவின் கரையில் மூதூர். வெள்ளைக்காரன் மரம் என்று ஒரு புளியமரத்தைப் பற்றி அங்கே எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பெயர் வந்த கதை இது: புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற கப்பல் 1659 கடைசியில் இந்தக் குடாவுக்குள் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் கப்பற் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ்; வயது பத்தொன்பது. கண்டிக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் சீவித்தார். சங்கிலி இல்லை, வீடும் இருந்தது. ஊருக்குத் திரும்பத்தான் விடவில்லை. 1679இல் தப்பினார். 1681இல் வந்த அவருடைய புத்தகம் இலங்கையை ஐரோப்பாவுக்குக் காட்டியது. இவ்வளவும் எங்கள் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பெரியவளாகித்தான் வாசித்தேன். 1684இல் நொக்ஸ் கம்பனியின் கப்பலொன்றுக்குத் தலைவராக மடகஸ்காருக்குப் போனார். போனது சென்ற் எலேனாவுக்காக அடிமைகள் வாங்க.

கதை நாயகன் றொபின்சன் குரூசோவும் இப்படித்தான். ஆபிரிக்காவில் அடிமைகளை ஏற்றப் போகும் வழியில்தான் அவனுடைய கப்பல் உடைகிறது. அதற்கு முன் தானே அடிமையாய்க் கிடந்து தப்பியவன். கூடத் தப்பிய சிறுவனை விற்றவன். நான் சின்ன வயதில் வாசித்த தமிழ்ச் சுருக்கத்தில் தீவும் ஆடும் கிளியும் இருந்தன. அந்தச் சிறுவனைக் காணவில்லை.

நொக்ஸின் பிற்கதையைச் சொன்னதும் விறாந்தையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். மறந்துபோனாரோ என்றான் ஒருவன். மறக்கவில்லை, பத்தொன்பது வருடத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினவர் என்றாள் அவனுடைய அக்கா. அவரைக் கெட்டவர் என்று சொல்லலாமா, மரத்தைக் கீறாமல் விடுவோமா என்று அடுத்த கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. கீறுங்கள் என்றேன்.

இரண்டு மட்டை எடுத்தார்கள். மேல் மட்டையில் புளியமரம், அதன் கீழே தொப்பி போட்ட பெடியன், தூரத்தில் பாய்மரம் இல்லாத கப்பல். கீழ் மட்டையில் மடகஸ்கார்க் கரை. அதே நீலம், அதே மாதிரி ஒரு கப்பல், கரையில் தாயின் சீலையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. அங்கே சீலை கட்டமாட்டார்கள் என்றேன். தெரியும் ரீச்சர் என்றார்கள், மாற்றவில்லை. ஏலத்தில் நான் விற்ற பிள்ளை, பிறகு திரும்பி வந்தவள், இப்போது பதின்மூன்று வயது, கத்தரிக்கோல் கேட்டாள். புளியமரத்தில் பொந்து கீறியிருந்த இடத்தில் வட்டமாக வெட்டி, இரண்டு மட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். இடம் சரியாகப் பொருந்தவில்லை. கரையில் நின்ற பிள்ளையின் ஒரு கண் மட்டும் பொந்துக்குள்ளால் தெரிந்தது. மற்றக் கண்ணும் தெரிய வெட்டட்டோ, மரம் பழுதாய்ப் போகுமோ என்று கேட்டுக்கொண்டே வெட்டத் தொடங்கினாள்.