வேற்றுநாட்டுச் சிறையும் நேர்மையான விசாரணையும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நாம். மொழி வேறான ஓர் ஊரில் காவல் நிலையத்தின் படியேற நேர்ந்தால் உள்ளம் எவ்வளவு கலங்கும் என்பதை நம்மில் பலர் அறிவோம். நம் நாட்டின் எல்லைக்குள்ளேயே நிலைமை இதுவானால், கடல் கடந்த நாட்டில், சட்டமும் மொழியும் வழக்கமும் அறியாத இடத்தில், கைவிலங்குடன் நிற்பவனின் துயரத்தைக் கூறவும் வேண்டுமோ? வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உற்றார் உறவினர் பணிபுரியாத குடும்பம் நம்மிடையே மிகச் சிலவே. ஆதலின், அயல்நாட்டில் சிறைப்பட்ட ஒரு குடிமகனுக்கு நேர்மையான விசாரணை கிடைக்குமாறு செய்வது எவ்வாறு என்பதை நாம் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ‘நாடு கடத்தல்’ வேறு, ‘ஒப்படைத்தல்’ வேறு. ஓர் அரசாங்கம் தனக்கு வேண்டாத அந்நியனைத் தன் எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுவது நாடு கடத்தல். ஒரு நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவன் மற்றொரு நாட்டில் பிடிபட்டால், முறைப்படி கேட்டதன் பேரில் அவனை விசாரணைக்காகக் கையளிப்பது ஒப்படைத்தல். முன்னது பெரும்பாலும் அதிகாரிகளின் உத்தரவால் நடைபெறுவது. பின்னது ஒப்பந்தத்திற்கும் நீதிமன்றத்திற்கும் கட்டுப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டால் மனிதன் ஒரு சரக்கு மூட்டையைப் போல் கைமாறிவிடுவான்.

மார்சேல்ஸ் துறைமுகத்தில்

இவ்வாறு கைமாறிய ஒருவரின் வரலாறு நமக்குப் புதியதன்று. 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லண்டனில் கைது செய்யப்பட்ட சாவர்க்கர், விசாரணைக்காக ‘மோரியா’ என்னும் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஜூலை 8ஆம் நாள் கப்பல் பிரான்சு நாட்டின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் நின்றபோது, அவர் கப்பலின் சிறு சாளரத்தின் வழியே கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்து, எந்த விசாரணையும் இன்றி, துரத்தி வந்தவர்களுடன் மீண்டும் கப்பலிலேயே சேர்த்துவிட்டார். பிரெஞ்சு மண்ணில் அடி வைத்தவரை முறைப்படி கேட்டுப் பெறாமல் கொண்டுபோனது தகாது என்று பிரான்சு வாதிட்டது. வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றத்திற்குச் சென்றது.

1911 பிப்ரவரி 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கைது செய்து ஒப்படைத்த முறையில் பிழை உண்டு. ஆயினும் அதற்காக அவரைத் திருப்பி அனுப்பும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்பதே அதன் சாரம். அத்தீர்ப்பு வருமுன்பே பம்பாயில் விசாரணை முடிந்து ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டுவிட்டன. முறைகேட்டை ஒப்புக்கொண்ட மன்றத்தாலும் பரிகாரம் அளிக்க இயலவில்லை. அவரது அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் ஒருங்கே கற்க வேண்டிய பாடம் இதில் உண்டு: காலங்கடந்து கிடைக்கும் நியாயம் சிறைக் கதவைத் திறப்பதில்லை.

ஒப்படைக்கும் விதிகளின் அருமையைத் தமிழ்நாடு வேறொரு வகையில் கண்டிருக்கிறது. லண்டனில் சாவர்க்கரின் தோழராயிருந்த வ. வே. சு. ஐயர் 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியார் 1908 முதலே அங்கு இருந்தார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அவ்வூரில் ஆங்கிலேயரின் பிடியாணை நேராகச் செல்லாது. அந்த எல்லைக்கோடு இல்லாதிருந்தால் நம் இலக்கியத்தின் கதி என்னவாகியிருக்கும்! 1918இல் பாரதியார் எல்லையைக் கடந்து வந்தவுடன் கடலூரில் கைது செய்யப்பட்டதை அன்பர்கள் அறிவார்கள்.

ஒப்படைக்குமுன் கேட்க வேண்டியவை

நம் நாட்டின் ஒப்படைப்புச் சட்டம் 1962இல் இயற்றப்பட்டது. ஒருவரை வேறு நாட்டிற்கு அனுப்புமுன் மாஜிஸ்திரேட் ஒருவர் விசாரிக்க வேண்டும். அரசியல் குற்றங்களுக்காக எவரையும் ஒப்படைத்தல் கூடாது. எக்குற்றத்திற்காக ஒப்படைக்கப்பட்டாரோ அதற்கே அவரை விசாரிக்க வேண்டும் என்பன போன்ற வரம்புகள் அதில் உள்ளன. நாகரிக நாடுகள் பலவற்றின் சட்டங்களிலும் இவை ஏறக்குறைய இவ்வாறே அமைந்துள்ளன.

இவற்றோடு மற்றொரு வினாவையும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989இல் சேர்த்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த இரட்டைக் கொலைக்காகத் தேடப்பட்ட ஜெர்மானிய இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் சிறையிலிருந்தார். குற்றம் கொடியது, அதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் மரண தண்டனையை எதிர்நோக்கிப் பல ஆண்டுகள் ஒரு கொட்டடியில் அடைபட்டுக் கிடப்பதே மனிதத் தன்மையற்ற வதை. அத்தகைய இடத்திற்கு அவரை அனுப்புவது முறையன்று என்று அந்நீதிமன்றம் ஜூலை 7ஆம் நாள் தீர்ப்பளித்தது. சோரிங் வழக்கு எனப் புகழ்பெற்றது இதுவே. மரண தண்டனை இராது என்ற உறுதி கிடைத்த பின்னரே 1990இல் அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். விசாரணை நடந்தது, ஆயுள் தண்டனைகளும் விதிக்கப்பட்டன. நேர்மையைக் கோருவது குற்றவாளியைத் தப்பவிடுவதாகும் என்று அஞ்சுவோருக்கு இவ்வழக்கே தக்க விடையாகும்.

பிரிட்டனில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. அங்கே 2003இல் இயற்றிய சட்டத்தின் கீழ், அமெரிக்கா ஒருவரைக் கேட்டால் முதல்நோக்குச் சாட்சியத்தைப் பிரிட்டிஷ் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியதில்லை என்றாயிற்று. அதன் விளைவாக, ஒரு பிரிட்டிஷ் குடிமகன் 2004 முதல் 2012 வரை எட்டாண்டுகள், எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலே, ஒப்படைப்பை எதிர்நோக்கிச் சிறையில் கிடந்தார். பின்னர் அமெரிக்காவில் அவர் சில குற்றங்களை ஒப்புக்கொண்டார் என்பது மெய்யே. ஆனால் விசாரணைக்கு முன்னரே கழிந்த எட்டாண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது? செய்கை உள்நாட்டில் நடந்ததானால் வழக்கும் உள்நாட்டிலேயே நடத்தப்படலாகாதா என்ற குரல் அந்நாட்டில் ஓங்கியது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, நீதிமன்றம் அவ்வினாவை ஆராயும் அதிகாரம் பெற்றது. தாய்மாரும் அண்டை அயலாரும் இடையறாது எழுப்பிய குரலுக்குச் சட்டத்தை அசைக்கும் வலிமை உண்டென்பதற்கு இது சான்று.

தூதரகத்தின் கடமை

அயல்நாட்டில் பிடிபட்டவருக்கு முதல் துணை தம் நாட்டுத் தூதரகமே. 1963இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கையின் 36ஆம் விதி இதற்கு ஆதாரம். கைதானவர் விரும்பினால் அச்செய்தியை அவருடைய நாட்டுத் தூதரகத்திற்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இவ்வுரிமை உண்டு என்பதை அவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கவும் வழக்கறிஞரை அமர்த்தவும் உரிமை உண்டு.

குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா இவ்விதியைக் கொண்டே வாதாடியது. 2016 மார்ச்சில் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்ட அவருக்கு, 2017 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இடையில் ஒரு முறையேனும் இந்திய அதிகாரி எவரும் அவரைக் காண அனுமதிக்கப்படவில்லை. இந்தியா ஹேக் சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. 2019 ஜூலை 17ஆம் நாள், 15 நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, பாகிஸ்தான் 36ஆம் விதியை மீறியது எனவும், தண்டனையை மெய்யாகவே மறுபரிசீலனை செய்ய வேண்டும் எனவும் தீர்ப்பாயிற்று. விடுதலை செய்யும்படி மன்றம் கூறவில்லை. நேர்மையான விசாரணை முறையை நாடியே கூறிற்று.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. 2011இல் இலங்கையில் கைதான ராமேசுவரத் தீவின் ஐந்து மீனவர்களுக்கு, போதைப்பொருள் கடத்தியதாகக் கொழும்பு உயர் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30ஆம் நாள் மரண தண்டனை விதித்தது. தங்கச்சிமடத்துக் குடிசைகளில் எழுந்த அழுகுரல் நாடெங்கும் கேட்டது. இந்திய அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டு, இலங்கை ஜனாதிபதியின் மன்னிப்பால் நவம்பரிலேயே ஐவரும் வீடு திரும்பினர். மகிழ்ச்சியே. எனினும், கருணை வேறு, நீதி வேறு. மேல் நீதிமன்றத்தில் சாட்சியம் சோதிக்கப்படாமலே போயிற்று. ஐவரும் உயிர் பெற்றனர். தம்மேல் விழுந்த பழியை நீதிமன்றத்தில் கழுவும் வாய்ப்பைப் பெறவில்லை.

நம் வீட்டிலும் நேர்மை

பிற நாட்டாரிடம் நேர்மை கேட்பவர் தம் வீட்டிலும் அதைக் காத்தல் வேண்டும். 2017இல் லண்டன் நீதிமன்றம் ஒன்று, திகார்ச் சிறையின் நிலையைக் காரணங்காட்டி, இந்தியா கேட்ட ஒருவரை ஒப்படைக்க மறுத்தது. அவரை எவ்வாறு வைத்திருப்போம் என்று இந்தியா உறுதிமொழி அளித்த பின்னரே, 2020இல் அவர் இங்கு அனுப்பப்பட்டார். நம் சிறைகளின் சீர்கேடு நம் வழக்குகளையே பலவீனப்படுத்துகிறது என்பதை நாம் உணர வேண்டும். நம் ஊர்ச் சிறையில் மொழி அறியாது கிடக்கும் அந்நியனுக்கும் ஒரு தாய் எங்கோ இருக்கிறாள்.

அன்பர்களே! அயல்நாடு செல்லும் பிள்ளைக்கு ஊறுகாய்ப் புட்டியும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கும் நாம், இவற்றையும் சொல்லி அனுப்புவோமாக. பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். பிறர் கொடுக்கும் பொட்டலத்தை உள்ளிருப்பது அறியாமல் சுமந்து செல்லலாகாது. கைதானால் முதலில் கேட்க வேண்டியது தூதரகத்தை, அடுத்து மொழிபெயர்ப்பாளரை, படித்துப் புரியாத தாளில் கையொப்பம் இடவே கூடாது. வீட்டார் உடனே வெளிவிவகார அமைச்சகத்திற்கு எழுத வேண்டும். 2015 முதல் இயங்கும் ‘மதத்’ என்னும் இணைய ஏற்பாட்டில் முறையீட்டைப் பதிவு செய்யலாம். தகுதியுள்ள ஏழைகளுக்கு வழக்குச் செலவில் உதவ இந்தியத் தூதரகங்களில் சமூக நலநிதியும் உண்டு. தண்டனை உறுதியான பின்னும், ஒப்பந்தமுள்ள நாடாயின், எஞ்சிய காலத்தைத் தாயகச் சிறையில் கழிக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது.

இத்தகைய இடுக்கண் நம் குடும்பம் ஒன்றிற்கு நேருமாயின், ‘அவன் என்ன செய்தானோ’ என்று ஒதுங்கி நில்லாது, மனு எழுதத் தெரிந்தவர் எழுதுக. சட்டம் அறிந்தவர் வழிகாட்டுக. வேறொன்றும் இயலாதவர் அவ்வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை சென்று அமர்க. அவன் குற்றவாளியா அல்லனா என்பதை நீதிமன்றம் கூறட்டும். அந்த நீதிமன்றம் நீதிமன்றமாகவே நடக்க வேண்டும் என்று கேட்பது நம் கடமை.