சரக்கை ஏற்றுமுன் கம்பெனியின் வில்லங்கம் பாருங்கள்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நவரை அறுவடையும் சொர்ணவாரி அறுவடையும் முடியும் நேரத்தில் களத்து மேட்டுக்குப் புதிய ஆட்கள் வருவது வழக்கம். நெல்லையும் வேர்க்கடலையையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். விதை கொடுத்து, விளைந்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்வோரும் உண்டு. கையில் அச்சடித்த அட்டை இருக்கும். அதில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருக்கும். பணம் மட்டும் பதினைந்து நாள் கழித்து வரும் என்பார்கள்.

ஒரு ஏக்கர் நிலம் வாங்குவதென்றால் எந்த விவசாயியும் பட்டா பார்க்காமலும், வில்லங்கச் சான்று எடுக்காமலும் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு போக விளைச்சல் முழுவதையும் முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்கும்போது அப்படி எதையும் பார்ப்பதில்லை. கம்பெனிக்கும் வில்லங்கம் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாததே இதற்குக் காரணம்.

கம்பெனிப் பதிவேடு

நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் இருப்பதுபோல் கம்பெனிகளுக்கு 'கம்பெனிகள் பதிவாளர்' அலுவலகம் இருக்கிறது. இது மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் கோயமுத்தூரிலும் இரண்டு பதிவாளர்கள் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் சென்னைப் பதிவாளரைச் சேர்ந்தது. அவருடைய அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் உள்ளது.

முன்பு 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், இப்போது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படியும் இந்தப் பதிவேடு நடத்தப்படுகிறது. கம்பெனி தொடங்கிய நாள், அதன் முகவரி, இயக்குநர்கள், மூலதனம், ஆண்டுக் கணக்கு, வாங்கிய கடனுக்கு வைத்த ஈடு ஆகிய எல்லாவற்றையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும். அவற்றைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனியின் அனுமதி தேவையில்லை. காரணம் சொல்லவும் தேவையில்லை. சட்டத்தின் 399-ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது.

2006-ஆம் ஆண்டு முதல் இந்தப் பதிவேடு கணினி மயமாக்கப்பட்டது. ஆகவே சென்னைக்குப் பஸ் ஏறவேண்டியதில்லை. கைபேசியிலேயே பார்க்கலாம்.

யார் பெயர் இதில் இருக்கும்?

எல்லா வியாபாரியும் இந்தப் பதிவேட்டில் இருக்கமாட்டார். பெயரின் கடைசியில் 'லிமிடெட்' அல்லது 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுக்கொள்பவை கட்டாயம் இருக்கவேண்டும். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த 'எல்.எல்.பி.' என்ற வகைக் கூட்டாண்மையும் இருக்கும்.

காஞ்சிபுரம் நகரத்துப் பட்டு வியாபாரிகளிலும், நெல் மண்டிக்காரர்களிலும் சொந்தப் பெயரில் கடை நடத்துவோர் உண்டு. பங்காளிகளாகச் சேர்ந்து நடத்துவோரும் உண்டு. அவர்கள் பெயர் இதில் வராது. கூட்டாண்மை நிறுவனங்கள் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகின்றன. அந்தப் பதிவேட்டையும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் 1983-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவானவை. இவற்றைக் கம்பெனிப் பதிவேட்டில் காணோமே என்று சந்தேகப்படக்கூடாது. 'லிமிடெட்' என்று போட்டுக்கொண்டு பதிவேட்டில் இல்லாதவரைத்தான் சந்தேகப்படவேண்டும்.

இங்கே ஒரு முக்கிய வேறுபாட்டை மனதில் கொள்வது நல்லது. சொந்தக் கடைக்காரரோ கூட்டாளிகளோ பாக்கி வைத்தால் அவர்களுடைய சொந்தச் சொத்தும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. லிமிடெட் கம்பெனி பாக்கி வைத்தால் பொதுவாகக் கம்பெனியின் சொத்து மட்டுமே பொறுப்பு. இயக்குநரின் வீடும் நிலமும் அதில் சேராது. 'லிமிடெட்' என்ற சொல்லின் பொருளே அதுதான். எனவே கம்பெனியிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது விற்பவருடைய வேலையாகிறது.

21 எழுத்து எண்

ஒவ்வொரு கம்பெனிக்கும் 'சி.ஐ.என்.' என்ற அடையாள எண் உண்டு. எழுத்தும் இலக்கமுமாக 21 இருக்கும். கம்பெனி தன் கடிதத் தாளிலும் பில்லிலும் இந்த எண்ணையும் பதிவு அலுவலக முகவரியையும் அச்சிடவேண்டும் என்பது சட்டம். அலுவலக வாசலில் பெயர்ப் பலகை இருக்கவேண்டும். அது அந்த ஊர் மொழியிலும் இருக்கவேண்டும்.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. 'யு' என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழிலின் வகை. அடுத்த இரண்டு எழுத்து இடம்: சென்னைப் பதிவாளரிடம் பதிவானால் 'டி.என்.', கோயமுத்தூர் என்றால் 'டி.இஸட்.' அதையடுத்த நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. பிறகு வரும் மூன்று எழுத்தில் 'பி.டி.சி.' என்றால் பிரைவேட், 'பி.எல்.சி.' என்றால் பப்ளிக், 'எஸ்.ஜி.சி.' என்றால் மாநில அரசின் கம்பெனி. கடைசி ஆறு இலக்கம் பதிவு எண்.

உதாரணமாக, காஞ்சிபுரத்தில் உள்ள தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்ட மாநில அரசுக் கம்பெனி. அத்தகைய கம்பெனியின் எண்ணில் ஆண்டு இருக்கும் இடத்தில் 1971 என்று இருக்கும். 'முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம்' என்று சொல்பவரின் எண்ணில் போன வருஷம் இருந்தால் விளக்கம் கேட்கவேண்டும். பழைய வியாபாரத்தைப் புதிதாகக் கம்பெனி ஆக்கியிருக்கலாம். ஆனாலும் கேட்பதில் தவறில்லை.

தேடும் முறை

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம் 'எம்.சி.ஏ. டாட் கவ் டாட் இன்'. அதில் 'எம்.சி.ஏ. சர்வீசஸ்' என்ற தலைப்பின் கீழ் 'மாஸ்டர் டேட்டா' என்ற பகுதி உண்டு. தளம் கேட்டால் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கொடுத்துப் பயனாளராகப் பதிந்துகொள்ளவேண்டும். அதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. பின்னர் 21 எழுத்து எண்ணையோ கம்பெனியின் பெயரையோ கொடுத்தால் அடிப்படை விவரங்கள் வரும். இதற்கும் கட்டணம் இல்லை. ஆண்டுக் கணக்கு, அமைப்பு விதிகள் போன்ற ஆவணங்களையே திறந்து பார்க்க ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம்.

தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லலாம். பெயரை வைத்துத் தேடும்போது எச்சரிக்கை வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் பல இருக்கும். ஓர் எழுத்து மாறினால் வேறு கம்பெனி. பில்லில் உள்ள பெயர், செக்கில் உள்ள பெயர், பதிவேட்டில் உள்ள பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். நாளைக்கு வழக்குப் போடுவதானாலும் சரியான பெயர் இல்லாமல் போடமுடியாது.

எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் கம்பெனியின் நிலை. 'ஆக்டிவ்' என்றால் உயிரோடு இருக்கிறது. 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்றால் பெயர் நீக்கப்பட்டது. 'அண்டர் லிக்விடேஷன்' என்றால் கலைக்கப்பட்டு வருகிறது. தொழில் நடத்தாத கம்பெனிகளைப் பதிவாளர் நீக்கிவிடலாம். 2017-ல் மட்டும் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட கம்பெனியின் அட்டையை வைத்துக்கொண்டு வருகிறவரிடம் சரக்குக் கொடுக்கலாகாது. ஏற்கெனவே கொடுத்துப் பாக்கி நின்றுவிட்டால், கடன் கொடுத்தவர் என்ற முறையில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வழி உண்டு.

இரண்டாவது, கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த தேதி. மார்ச் 31-ல் முடியும் ஆண்டுக்குப் பொதுவாக செப்டம்பர் 30-க்குள் ஆண்டுக் கூட்டம் நடத்தி, அடுத்த 30 நாளில் கணக்கைக் கொடுக்கவேண்டும். சில ஆண்டுகளில் அரசு அவகாசம் நீட்டித்துத் தருவதுண்டு. அதற்காக இரண்டு மூன்று ஆண்டு கணக்கே இல்லாமல் இருப்பது நல்ல அறிகுறி ஆகாது.

மூன்றாவது, மூலதனம். இதில் இரண்டு தொகை இருக்கும். 'ஆதரைஸ்டு' என்பது குதிரின் கொள்ளளவு; 'பெய்டு-அப்' என்பது அதில் கொட்டிய நெல். பெரிய குதிரைக் காட்டி ஏமாறக்கூடாது. கொட்டிய நெல் இப்போதும் அப்படியே இருக்கிறதா என்பதை ஆண்டுக் கணக்கில்தான் பார்க்கமுடியும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனையே கிடையாது. சில ஆயிரம் ரூபாய் மூலதனத்தில் இயங்கும் கம்பெனி பல லட்ச ரூபாய் நெல்லைக் கடனுக்குக் கேட்டால் யோசிக்கவேண்டும்.

நான்காவது, ஈடு. கம்பெனி தன் சொத்தின்பேரில் பாங்கியில் கடன் வாங்கினால் அதை 30 நாளில் பதிவு செய்யவேண்டும். நிலத்தின் வில்லங்கச் சான்றுக்கு நேரான பகுதி இதுதான். கம்பெனி நொடித்தால் ஈடு பெற்ற பாங்கி தன் பணத்தை அந்தச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஈடு இல்லாமல் நெல் கொடுத்தவர் பின்னால் நிற்கவேண்டும். ஈடு இருப்பதே குற்றமல்ல. நன்றாக நடக்கும் ஆலைகளும் கடன் வாங்கும். அளவைத்தான் கவனிக்கவேண்டும்.

ஐந்தாவது, இயக்குநர்கள். ஒவ்வொருவருக்கும் 8 இலக்க எண் உண்டு. வேறு எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார் என்றும் அறியலாம். மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குக் கொடுக்காத கம்பெனியின் இயக்குநர் ஐந்தாண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநராக முடியாது. இது புதிய யோசனையல்ல. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது. ஊரார் எல்லோரும் பார்க்கும்படி கோயில் சுவரில் அதை வெட்டிவைத்தார்கள்.

வேறு இரண்டு எண்கள்

கம்பெனி அல்லாத வியாபாரியிடம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்கலாம். அது 15 எழுத்து கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இதைக் கொடுத்தால் உரிமையாளர் பெயர், கடைப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்பவை கட்டணமின்றித் தெரியும். ஆனால் வரி விலக்கு உள்ள பொருளை மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்கு இந்த எண் இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்பதற்காக மட்டும் அவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

சிலர் 'உத்யம்' சான்றைக் காட்டுவார்கள். இது 2020 ஜூலை முதல் சிறு தொழில்களுக்குத் தரப்படுவது. தொழில் நடத்துபவர் தாமே கொடுக்கும் விவரத்தின்பேரில் வழங்கப்படுவது. அதை அரசின் நற்சான்றாக எண்ணக்கூடாது.

உற்பத்தியாளர் கம்பெனியில் சேரும்போது

விவசாயிகளே பங்குதாரராக இருக்கும் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. பத்துப் பேர் சேர்ந்து தொடங்கலாம். குறைந்தது ஐந்து இயக்குநர் வேண்டும். பெயரில் 'உற்பத்தியாளர் கம்பெனி' என்று பொருள்படும் 'புரொடியூசர் கம்பெனி' என்ற சொற்கள் இருக்கும். தனி விவசாயிகள் உறுப்பினராக உள்ள கம்பெனியில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. பங்குப் பணம் கட்டுமுன் மேலே சொன்ன ஐந்தையும் இதற்கும் பார்க்கவேண்டும். சேர்ந்த பிறகும் ஆண்டுதோறும் பார்க்கவேண்டும். அது உறுப்பினரின் சொந்தக் கம்பெனி அல்லவா!

பதிவு என்பது உத்தரவாதம் அல்ல

பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்றால் அப்படி ஒரு கம்பெனி உண்டு என்றுதான் பொருள். அது நாணயமானது என்று பதிவாளர் சொல்வதில்லை. 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழித் திட்டத்தில் பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் முதலை இழந்தார்கள். அப்படிப் பணம் வாங்கியவற்றுள் முறையாகப் பதிவான பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் இருந்தது. கம்பெனியாகப் பதிவாவது வேறு. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெறுவது வேறு. பணம் கட்டச் சொல்பவருக்கு ரிசர்வ் பாங்கியின் அனுமதி உண்டா என்பதை அதன் 'சச்சேத்' என்ற இணையதளத்தில் பார்க்கலாம். சீட்டு நடத்துபவர் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் பதிந்திருக்கவேண்டும். டெபாசிட் வாங்கி ஏமாற்றியவர்கள்மீது 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

சரக்கை லாரியில் ஏற்றுமுன் கம்பெனியின் 21 எழுத்து எண்ணை எழுதி வாங்கி, பதிவேட்டில் பார்த்து, எடையும் விலையும் பணம் தரும் தேதியும் குறித்த ரசீதில் கையெழுத்துப் பெறவேண்டும். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவருக்கு ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது நல்லது. இதற்கெல்லாம் ஆகும் நேரம் அரை மணி. வாடகைக்கு வந்த லாரி அதுவரை காத்திருக்கும்.