ஜாவார் மலையின் மண் குடுவைகள்

உதயபூருக்குத் தெற்கே சுமார் 25 மைல் தூரத்தில் ஜாவார் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பழைய சுவர்கள் சிலவற்றில் செங்கல்லுக்குப் பதிலாக, கத்தரிக்காய் வடிவமான சுட்ட மண் குடுவைகளை வரிசையாக அடுக்கியிருப்பதைக் காணலாம். குடுவைகளுக்குப் பஞ்சமில்லை, ஊரைச் சுற்றிக் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கின்றன.

இவை எதற்காக வனையப்பட்டன என்று அறிய, முதலில் மலைக்குள் புக வேண்டும். ஆரவல்லி மலைத்தொடரின் இப்பகுதி, 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் படிந்த டாலமைட் என்னும் சுண்ணாம்பு இனப் பாறையால் ஆனது. அதனுள்ளே ஈயமும் துத்தநாகமும் கந்தகத்தோடு கூடித் தாதுக்களாக ஊடுருவி நிற்கின்றன. வெள்ளியோ ஈயத் தாதுவுக்குள் மறைந்து கிடக்கிறது. இவற்றைத் தேடிச் சென்றோர் பாறையின் முகத்தில் தீ மூட்டி, அது வெடித்த பின் பெயர்த்தெடுத்தார்கள். பழைய சுரங்கங்களில் அகப்பட்ட மரத் துண்டுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை எனச் சோதனையில் தெரிய வந்திருக்கிறது.

ஈயத்தை உருக்குவது எளிது. துத்தநாகமோ பெரிய மாயாவி! 907 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்க அதற்கும் மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். ஆகவே உலோகம் பிறக்கும்போதே ஆவியாய்ப் பிறக்கிறது. காற்றுப் பட்டதோ, வெறும் வெண்சாம்பல்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், "பின் எப்படி ஸார் எடுத்தார்கள்?" என்று யாராவது ஒரு பையன் கேட்காமல் இருப்பதில்லை.

அதற்கு விடைதான் அந்தக் குடுவை. வறுத்த தாதுவையும் கரியையும் பிற பொருள்களையும் கலந்து, உருண்டைகளாக்கி உள்ளே நிரப்பினார்கள். வாயில் ஒரு குச்சியைச் செருகி, மண் குழாயைப் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்து உலையில் வைத்தார்கள். குச்சி உருண்டைகள் விழாமல் தாங்கிற்று. உஷ்ணம் ஏறியதும் எரிந்து போய், தான் இருந்த இடத்தையே ஆவிக்கு வழியாக விட்டது. ஆவி கீழே குளிர்ந்த அறைக்கு இறங்கி உலோகமாயிற்று. அந்தக் குச்சியை நினைத்தவன் யாரோ, அவனை எவ்வளவு வியந்தாலும் தகும்.

பரோடா பல்கலைக்கழகத்தாரும் பிரிட்டிஷ் மியூஸியத்தாரும் ஹிந்துஸ்தான் ஸிங்க் கம்பெனியாரும் சேர்ந்து 1983-ல் இங்கே அகழ்ந்தபோது, ஒரே வரிசையில் ஏழு உலைகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் 36 குடுவைகள், ஆக 252. இது வீட்டு வைத்தியர் மருந்து காய்ச்சிய வேலை அன்று, பெருந் தொழிற்சாலையே. ரஸரத்ன ஸமுச்சயம் என்ற வடமொழி நூலிலும் கத்தரிக்காய் வடிவக் குடுவை கூறப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்க உரிமை பெற்றது 1738-ல். அவர் முறையிலும் ஆவி கீழ்நோக்கியே இறங்கிற்று. ஆயினும் இந்த ஒப்புமை ஒன்றையே கொண்டு, அவர் நம்மிடமிருந்து களவாடினார் என்று முழங்குவது நேர்மையாகாது. ஜாவார் பல நூற்றாண்டுகள் முந்தியது, அதுவே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலைகள் அவிந்து கிடந்தன. 1850-ல் காப்டன் புரூக் என்பவர் இவ்விடத்துச் சுரங்கங்களைப் பற்றி வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். பிறகு 1940-களில் மறுபடியும் தோண்டத் தொடங்கினர். 1966-ல் ஹிந்துஸ்தான் ஸிங்க் ஸர்க்கார் கம்பெனியாக ஏற்பட்டது. தாது எங்கே இருக்கிறதென்று புதியவர்களுக்கு வழி காட்டியவை, பழையவர்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளே.