பொம்மையை உடைக்கிற பையன் பெயரில் ஒரு பட்டறை

காரைக்கால் கோவில்பத்தில், பார்வதீசுவரர் கோயில் பக்கத்து வீடு ஏதோ ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஓடும் லேப்டாப் இருக்கிறது என்று வையுங்கள். ‘ஆப்ட் இன்ஸ்டால் வயர்ஷார்க்’ என்று ஒரே வரி. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த மெஷினுக்கு வருகிற, போகிற ஒவ்வொரு நெட்வொர்க் பாக்கெட்டும் கலர் கலராகத் திரையில் ஊர்வலம் போகும்! காசு? ஒரு பைசா கிடையாது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடக்கும் கூத்தைத்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம்.

அந்த வயர்ஷார்க் நிரலைத் தொடங்கியவர் ஜெரால்ட் கோம்ப்ஸ். 1998இல் ஈதரீயல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006இல் அவர் வேலை மாறினார், பழைய பெயரின் வணிக உரிமை கூட வரவில்லை, வயர்ஷார்க் பிறந்தது. ஆனால் அதை டெபியனுக்குள் கொண்டுவந்து உட்கார வைப்பவர் மெயின்டெய்னர் என்கிற இன்னொரு ஜீவன்.

அவருடைய ராஜ்ஜியம் மூலநிரலுக்குள் செருகிய ‘டெபியன்’ என்ற ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். உள்ளே ‘வாட்ச்’ என்றொரு ஃபைல்: புதுப் பதிப்பு எங்கே வரும் என்று காட்டிக்கொடுக்கும் உளவாளி. ‘காப்பிரைட்’ ஃபைல் இருக்கிறதே, அது நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பது மாதிரி. எந்தத் துண்டு யாருடையது, எந்த லைசென்ஸ் என்று பழைய காலம்வரை தோண்டியாக வேண்டும். போதாக்குறைக்கு லிண்டியன் என்றொரு நிரல், விளக்க வரியில் எழுத்துப்பிழை இருந்தால்கூட முணுமுணுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, இன்ஸ்டால் ஆகும்போது எழுகிற ஒரு சின்னக் கேள்வி: சூப்பர்யூசர் அல்லாதவர்களும் பாக்கெட் பிடிக்கலாமா? நீங்கள் தொடாவிட்டால் பதில் ‘கூடாது’. ஆளைத் தடுக்கும் கெடுபிடி என்று தோன்றும். உண்மையில் அது முன்னெச்சரிக்கை. வயர்ஷார்க்கின் வேலையே முன்பின் தெரியாதவன் அனுப்பியதைப் பிரித்துப் படிப்பது. பிரிக்கிற நிரலில் ஓட்டை இருந்தால், விஷமப் பாக்கெட் ஒன்று அந்த வழியாக நுழையலாம். அப்படிப்பட்ட நிரலைச் சூப்பர்யூசர் (ரூட்) அதிகாரத்தோடு ஓட்டுவதா? அதனால் ‘பிடிக்கலாம்’ என்று நீங்கள் பதில் சொன்னாலும் ‘டம்ப்கேப்’ என்ற குட்டி நிரலுக்கு மட்டும் பிடிக்கும் அதிகாரம். ‘வயர்ஷார்க்’ என்ற குழுவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அதை ஓட்டும் அனுமதி. வில்லங்கத்தை முன்கூட்டியே யோசித்த யாரோ ஒருவருடைய தூக்கம் கெட்டிருக்கும்!

பேக்கேஜ் தயாரானதும் போய் விழுவது ‘சிட்’டில். டெபியன் பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பெயர்கள்தான். நிலையில்லாத கிளைக்கு, பொம்மைகளை உடைக்கிற அந்தப் பையன் பெயர். அங்கே பொதுவாக 5 நாள் அடிபட்டுப் பிழைத்தால்தான் அடுத்த கட்டம். அவசரத் திருத்தமென்றால் 2 நாள். இதற்கிடையில் ஐபிஎம் மெயின்ஃப்ரேம் வரை பல வகை மெஷின்களில் கட்டிப் பார்ப்பார்கள். நம் லேப்டாப்புகள் எண்ணின் பைட்டுகளைக் கடைசியிலிருந்து அடுக்கும், மெயின்ஃப்ரேம் முதலிலிருந்து அடுக்கும். இங்கே ஜம்மென்று ஓடிய சோதனை அங்கே குப்புற விழும். மெயின்டெய்னர் வீட்டில் மெயின்ஃப்ரேமா இருக்கிறது?

சிரிப்பு வேண்டுமா? பாக்கெட் பிடிக்கும் நூலகமான லிப்பீகேப் பதிப்பு 1ஐத் தாண்டி வெகுகாலம் ஆயிற்று. டெபியனில் பேக்கேஜ் பெயர் இன்னும் 0.8தான். 2038இல் 32-பிட் கடிகாரம் நிரம்பி வழியுமே, அதற்காக 2024இல் பின்னால் ‘டி64’ என்று ஒரு வாலும் ஒட்டினார்கள்.

இதெல்லாம் எங்கோ கடல் கடந்து நடக்கிற சங்கதி அல்ல. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. இந்தப் பட்டறைக்குள் நுழைய ‘ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்’ என்றே ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால், அடுத்த தடவை ஆப்ட் ஓட்டும்போது உங்கள் மெஷினில் உள்ளவற்றில் எதெது கவனிக்க ஆளில்லாமல் அநாதையாகக் கிடக்கிறது என்று பெயர் பெயராகப் போட்டுக் கொடுக்கும்.