கண்ணுக்குத் தெரியாத வளைவு

ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து சிதறிக் கிடந்தால், உயரத்திலிருந்து விழுந்தது, உடையாமல் என்ன செய்யும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. மாடல்களைப் பறக்கவிடுவோர் ‘450’ என்று அழைக்கும் அளவை எடுத்துக்கொள்வோம். தைவானின் அலைன் நிறுவனத்து டி-ரெக்ஸ் 450 மூலம் பெயர் பெற்ற அளவு அது. பிளேடு ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர் நீளம், எடை ஏறக்குறைய 28 கிராம். பேட்டரியோடு சேர்த்து மொத்தம் 850 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ரோட்டார் நிமிடத்துக்கு 2,600 முறை சுற்றும்போது பிளேடின் நுனி மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 90 ஜூல். மோட்டாரை நிறுத்திவிட்டு அதே ஹெலிகாப்டரை மூன்றாம் மாடி உயரத்திலிருந்து, அதாவது பத்து மீட்டரிலிருந்து, கீழே போட்டாலும் தரையில் மோதுகையில் அதற்கு இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஆகவே, புல்லுக்கு ஒரு முழம் மேலே நின்றுகொண்டிருந்த ஹெலிகாப்டர் லேசாகச் சாய்ந்து பிளேடு மண்ணில் பட்டால்கூட, மாடியிலிருந்து விழுந்த அளவுக்குச் சேதம் வரும். அந்த ஆற்றல் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? பிளேடு நின்றுவிடுகிறது, தலைப்பகுதி நிற்க மறுக்கிறது. இரண்டு பிளேடுகளையும் குறுக்காக இணைக்கும் மெல்லிய எஃகுத் தண்டு, ஸ்பிண்டில், முதலில் வளைகிறது. அடுத்தது ரோட்டாரைத் தாங்கிச் சுற்றும் நடுத் தண்டு, மெயின் ஷாஃப்ட். நிலைமை தெரியாத மோட்டார் அடியிலிருந்து இன்னும் சுற்றித் தள்ளுவதால் பெரிய நைலான் கியரின், அதாவது மெயின் கியரின், பற்கள் மழிந்துபோகின்றன. கீழ்நோக்கி வளைந்த பிளேடு, வாலைத் தாங்கும் குழாயான டெயில் பூமை ஒரே வெட்டில் மடக்கிவிடுவதும் உண்டு.

அனுபவசாலிகள் விழும் கணத்தில் ஹெலிகாப்டரைக் காப்பாற்றப் பார்ப்பதில்லை. ரிமோட்டில் இருக்கும் ‘த்ராட்டில் ஹோல்ட்’ சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்துகிறார்கள். சுழற்சி ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இருப்பதால், தரையைத் தொடும் முன் வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும். செலவும் அதற்கேற்பக் குறையும்.

விழுந்த இடத்திலேயே முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. மூன்று செல் கொண்ட 2,200 மில்லிஆம்பியர்-மணி லிப்போ பேட்டரியில் நிரம்பியிருக்கும் ஆற்றல் 24 வாட்-மணி, ஏறத்தாழ 88,000 ஜூல். பிளேடுகளின் 90 ஜூலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறை நசுங்கி உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், அது உடனே பற்றிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் கழித்துப் பற்றலாம். அதனால் அதைக் கழற்றி, எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத சிமென்ட் தரையில் தனியே வைத்துக் கவனிப்பார்கள். உப்பியோ நசுங்கியோ இருந்தால் அதை மறுபடி சார்ஜரில் போடக் கூடாது. அடிபட்ட ஹெலிகாப்டரை அப்படியே காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

பழுது பார்ப்பதில் உடைந்த பாகம் ஒரு சிரமமும் தருவதில்லை. இரண்டாக ஒடிந்த பிளேடை மாட்டிப் பறக்க யாரும் நினைப்பதில்லை. வில்லங்கம் செய்வது நல்ல பாகம் மாதிரி தெரியும் கெட்ட பாகம்தான். மெயின் ஷாஃப்டைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தால் நேராகவே இருக்கும். அதையே ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால், ஒரு சுற்றில் ஒரு தடவை அடியில் மயிரிழை வெளிச்சம் தெரிந்து மறையும். வளைவு அங்கே இருக்கிறது. லேத் பட்டறையில் வி-பிளாக்கும் டயல் கேஜும் இருந்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்துவிடலாம். வீட்டு வேலைக்குக் கண்ணாடித் தகடே போதும்.

வளைந்ததைத் தட்டி நிமிர்த்தலாமே என்று கை துறுதுறுக்கும். நம் ஊர் மெக்கானிக்குகளின் கைக்கு அது பழகிய வேலையும்கூட. ஸ்பிண்டில் விஷயத்தில் மட்டும் அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். சுற்றும்போது ஒவ்வொரு பிளேடும் வெளிப்பக்கமாக இழுக்கும் விசை இந்த அளவு ஹெலிகாப்டரில் சுமார் 40 கிலோ எடைக்குச் சமம். 28 கிராம் பிளேடு, 40 கிலோ இழுவை! அதை முழுவதும் தாங்குவது அந்தத் தண்டும், அதன் இரு முனைகளிலும் இருக்கும் குட்டி போல்ட்டுகளும்தான். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த எஃகை நம்பி அத்தனை இழுவையை ஒப்படைப்பது அறிவல்ல. ஸ்பிண்டில், அதன் போல்ட்டுகள், மெயின் கியர் இந்த மூன்றையும் பார்க்காமலே மாற்றிவிடுவது என் கட்சி. விலையும் குறைவு. போல்ட்டு இரும்புக்குள் இறங்கும் இடங்களில் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு வேண்டும். பிளாஸ்டிக்கில் அது படக் கூடாது. சில வகைப் பிளாஸ்டிக் அதனால் விரிசல் விடும்.

பிளேடு பிடிக்குள் இருக்கும் த்ரஸ்ட் பேரிங் தனிக் கவனம் கேட்கும். இரண்டு வளையங்கள், நடுவே குண்டுகள். இரண்டு வளையங்களும் ஒரே மாதிரி தெரியும். துளையின் அளவில் மட்டும் நூலளவு வித்தியாசம். பெரிய துளை உள்ளது நடு மையத்தின் பக்கம், சிறியது வெளியே போல்ட்டின் பக்கம். மாற்றிப் போட்டால் மேசை மேல் எல்லாம் சரியாகத் திரும்பும். மேலே போய் 40 கிலோ இழுவை வந்ததும் பிடி இறுகிக்கொண்டு, ரிமோட் சொல்வதைக் கேட்காது.

பிளேடுகளின் கோணத்தை மாற்றும் குட்டி சர்வோ மோட்டார்களின் பற்கள் அடுத்தது. மின்சாரம் இல்லாமல் கையால் மெல்லத் திருப்பினால், ஒரு பல் போயிருந்தாலும் அந்த இடத்தில் நெருடும். மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் மெயின் கியருக்கும் இடைவெளி வைக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்: இரண்டுக்கும் நடுவில் நுழைத்து மோட்டாரை அழுத்தி முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிட வேண்டியதுதான்.

எல்லாம் புதிதாக மாட்டியாயிற்று. இனி அதிர்வு. பிளேடு நுனியில் கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை கூடினால், சின்னதாக ஒரு துண்டு ஒட்டுநாடா, 2,600 சுற்றில் அது தலையைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை 260 கிராம் எடைக்கு மேல். அந்த இழுப்பு நொடிக்கு 43 முறை திசை மாறி வருகிறது. எடை ஒத்துவராத இறக்கை மாட்டிய சீலிங் ஃபேன் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அது நிமிடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் சுற்றுதான். அதனால்தான் இரண்டு பிளேடுகளையும் அடிப்பகுதியில் ஒரே போல்ட்டால் இணைத்து, இரண்டு டம்ளர்களுக்கு நடுவே தொங்கவிட்டு, ஏறி நிற்கும் பக்கத்தில் நாடா ஒட்டிச் சமன் செய்கிறார்கள்.

சமன் செய்தும் அதிர்ந்தால் அதிர்வின் வேகமே காரணத்தைச் சொல்லும். மெயின் ரோட்டாரின் கோளாறு நொடிக்கு 43 முறை, கண்ணுக்கு ஆட்டமாகவே தெரியும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும் வால் ரோட்டாரின் கோளாறு, வால் துடுப்பின் ஓரம் மங்கித் தெரிவதாக வரும். மோட்டாரின் ஷாஃப்ட் வளைந்திருந்தால் நொடிக்கு 500 முறை; அது கண்ணில் படாது, காதில் ரீங்காரமாக விழும். சந்தேகம் தீராவிட்டால் மெயின் பிளேடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது, பிறகு வால் பிளேடுகளையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வரலாம். எதைக் கழற்றியதும் அதிர்வு போகிறதோ, குற்றவாளி அங்கே.

மாடல்களை விழவைத்தே ஹெலிகாப்டர் கற்ற மனிதர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஆர்தர் யங் 1928 வாக்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் சின்ன மாடல்களைக் கட்டிப் பறக்கவிட்டு, உடைந்ததும் மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பென்சில்வேனியாவில் ஒரு பழைய களஞ்சியம்தான் அவருடைய பட்டறை. பிளேடுகளுக்குக் குறுக்கே எடை வைத்த ஒரு கம்பியைச் சுற்றவிட்டால் ரோட்டார் நிலையாக நிற்கும் என்று அங்கேதான் பிடிபட்டது. 1941-இல் அந்த மாடலை பெல் விமான நிறுவனத்திடம் பறக்கவிட்டுக் காட்டினார். அதிலிருந்து பிறந்த பெல் 47 தான் 1946 மார்ச் 8 அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர். ஸ்டான்லி ஹில்லர் அதே எண்ணத்தைத் துடுப்பு வைத்த கம்பியாக மாற்றினார். 1970 வாக்கில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் ரேடியோவில் இயங்கும் ஹெலிகாப்டரை உருப்படியாகப் பறக்கவைத்தபோதும், தலைமேல் அந்தக் குறுக்குக் கம்பி இருந்தது. ‘ஃப்ளைபார்’ என்று மாடல்காரர்கள் பல ஆண்டுகள் வளைத்து, உடைத்து, மாற்றிக்கொண்டிருந்தது அதைத்தான்.

இன்று பழுது பார்க்கும் சாக்கில் பலரும் செய்யும் மேம்பாடு அதைக் கழற்றி வீசுவதுதான். அதன் வேலையை ஒரு சிப் செய்கிறது. உள்ளே நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும். ஹெலிகாப்டர் திரும்பினால் கொரியோலிஸ் விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நகர்வை மின்தேக்கம் வழியாக அளந்து சர்வோவுக்கு உத்தரவு போகும். உடையக்கூடிய பாகங்கள் குறைகின்றன, சட்டென்று திரும்பும் திறனும் கூடுகிறது. இதில் ஒரு பாதகமும் இருக்கிறது. அதிர்ந்துகொண்டே அளக்கும் கருவிக்கு வெளி அதிர்வு எதிரி. வளைந்த ஷாஃப்ட் அனுப்பும் அதிர்வை அது திருப்பமாக எடுத்துக்கொண்டால், ஹெலிகாப்டர் தானாக ஒரு பக்கம் நகரும். அப்போது பலர் சிப்பின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு இரும்பில் இருக்கும். விழுந்த பிறகு சிப்பை ஒட்டியிருக்கும் நுரை நாடாவையும் புதிதாக மாற்றுவது அதனால்தான்.

இன்னொரு மேம்பாடு, பிளாஸ்டிக் தலையை எடுத்துவிட்டுப் பளபளக்கும் அலுமினியத் தலை. பழகிக்கொண்டிருப்பவர்களுக்கு இது வேண்டாம் என்பேன். பிளாஸ்டிக் வளைந்து, முடியாவிட்டால் உடைந்து, அடியைத் தின்றுவிடும். அலுமினியம் அடியை அடுத்த பாகத்துக்கு அனுப்பிவிடும். மரப் பிளேடு தூளாகி மற்றதைக் காப்பாற்றும், கார்பன் பிளேடு தான் முழுதாக நின்று ஷாஃப்டை வளைக்கும். வாலுக்குச் சக்தி கொண்டுபோகும் பெல்ட் வழுக்கிவிட்டுத் தப்பும், அதனிடத்தில் வரும் டார்க் ட்யூப் பற்களை இழக்கும். எது முதலில் உடைய வேண்டும் என்பதும் வடிவமைப்புதான்.

பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கவே முடியாத ஒரு ஹெலிகாப்டரும் இப்படி விழுந்தது. ஐஐடி மெட்ராஸில் படித்த பாப் பலராம் தலைமைப் பொறியாளராக இருந்து உருவாக்கிய நாசாவின் ‘இன்ஜெனுயிட்டி’, 1.8 கிலோ எடை, 1.2 மீட்டர் ரோட்டார், 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் முதலில் பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்றிருந்தது எழுபத்திரண்டு முறை பறந்தது. கடைசிப் பயணம் 2024 ஜனவரி 18. அடையாளமே இல்லாத மணல் அலைகளுக்கு மேலே வழிகாட்டும் கேமரா திணறியது. ஹெலிகாப்டர் பக்கவாட்டு வேகத்தோடு தரையைத் தொட்டது. பிளேடுகளில் ஒடிந்த இடம் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அவற்றின் பலவீனமான புள்ளி. தரையில் மோதியது பிளேடுதான் என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். உடல் மோதிச் சட்டென்று சாய்ந்ததில் சுழன்றுகொண்டிருந்த பிளேடுகள் தாங்க முடியாமல் தாங்களாகவே முறிந்தன என்று விசாரணை சொன்னது. இங்கேயும் குற்றம் சுழற்சியின் மேல்தான்.

நம் மேசை மேல் இருக்கும் ஹெலிகாப்டருக்குத் திரும்பினால், இன்னும் முதல் ஓட்டம் பாக்கி. பத்து மீட்டராவது தள்ளி நின்றுதான் சுற்றவிட வேண்டும். மாடல் ஹெலிகாப்டர் பிளேடுகளால் உயிர் போயிருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் இரு நுனிகளும் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று கவனிக்க, ஒன்றில் வண்ண நாடா ஒட்டிக்கொள்வது வசதி. இரண்டு தளமாகத் தெரிந்தால் ஒரு இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருப்பிவிட்டு மறுபடி பார்க்கலாம். இடுப்பளவு உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி இறக்கிவிட்டு மோட்டாரையும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் தொட்டுப் பார்க்கவும். கை வைக்க முடியாத சூடு என்றால் கியர் இறுக்கமாக இருக்கிறது. காகிதத்தை மறுபடி எடுங்கள்.