தோட்டாவின் வாயை ஏன் இறுக்குகிறார்கள்?

வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவ பக்கங்களில் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் செய்பவர்களுக்கு காட்டுப்பன்றி தீராத தலையிடி. ஒரு கூட்டம் ஓரிரவு இறங்கினால் போதும், மூன்று மாத உழைப்பு மண்ணோடு போய்விடும். பயிரழிக்கும் குரங்கு, மயில் முதலியவற்றை 2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுவதும் ஐந்து நிமிடம் எண்ணிப் பார்த்தார்கள். ஆனாலும் இரவுக் காவல் இன்னும் விவசாயியின் தலையில்தான் இருக்கிறது.

அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் துவக்கு வைத்திருப்பவர்கள் சிலரே. மற்றவர்களில் சிலர் கட்டுத்துவக்கை நாடுகிறார்கள். சுட்டு முடிந்த கோதுக்குள் மருந்தும் ஈயக் குண்டும் போட்டு வாயை அடைத்தால் மறுபடியும் சுடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த "வாயை அடைப்பது" என்ற வேலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்கத் தோன்றாது.

கோதும் சன்னமும்

போருக்குள் வாழ்ந்த நம்மவர்களுக்கு வெற்றுக்கோது புதிய பொருள் அல்ல. பிள்ளைகள் அதைப் பொறுக்கி விளையாடிய காலமும் இருந்தது. ஒரு முழுத் தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: கோது, அதன் அடியில் தீப்பற்ற வைக்கும் கெப், உள்ளே மருந்து, வாயில் சன்னம். சன்னத்தைப் பிடித்து வைத்திருப்பது கோதின் கழுத்து இறுக்கம். அதற்கு மேலதிகமாகக் கோதின் விளிம்பைச் சற்று உள்நோக்கி மடித்து அழுத்துவதைத்தான் "கிரிம்ப்" என்கிறார்கள். நாம் வாயிறுக்கம் என்று சொல்லலாம்.

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் உரிமம் பெற்றவர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்புவது சட்டப்படியான பொழுதுபோக்கு. எல்லாத் தோட்டாவுக்கும் வாயிறுக்கம் வேண்டுமா என்பது அவர்களிடையே பழைய கேள்வி. விடை துவக்கைப் பொறுத்தது.

எதற்கு வேண்டும், எதற்குக் கூடாது

ரிவோல்வரில் ஆறு தோட்டா இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று வெடிக்கும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கும். மீதி ஐந்து கோதுகளும் துவக்கோடு சேர்ந்து பின்னுக்குப் போகும். கனமான சன்னமோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். சடுதியாக பிரேக் பிடித்த பஸ்ஸில் நாம் முன்னுக்குச் சாய்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். பிடிப்புப் போதாவிட்டால் சன்னம் சிறிது சிறிதாக வெளியே வரும். அதன் நுனி உருளைக்கு வெளியே நீண்டால் உருளை சுழலாது. பலமாக உதைக்கும் ரிவோல்வர்களுக்கு நல்ல வாயிறுக்கம் தேவைப்படுவது இதனால்தான்.

கௌபோய் படங்களில் கீழிருக்கும் பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுகிறார்களே, அந்த லீவர் துப்பாக்கியில் நடப்பது இதற்கு எதிர்மாறு. அநேகமான அவ்வகைத் துப்பாக்கிகளில் குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிடக்கும். ஒரு ஸ்பிரிங் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உதைப்பிலும் ஒரு சன்னத்தின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் இடிக்கும். இறுக்கம் இல்லையென்றால் சன்னம் கோதுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் மருந்து எரியும்போது அமுக்கம் எல்லை மீறும். இதே குழாயில் கூர்மையான சன்னம் போட்டால் அது முன்னால் உள்ள கெப்பைக் குத்தி வெடிக்க வைக்கக்கூடும். அதனால்தான் தட்டை மூக்குச் சன்னம் வழக்கம்.

9 மில்லிமீற்றர் பிஸ்டல் தோட்டா வேறு கதை. அது அறைக்குள் சரியான ஆழத்தில் நிற்பது கோதின் வாய் விளிம்பைப் பிடித்தே. அந்த விளிம்பை உருட்டி மடித்தால் தோட்டா ஆழமாகப் போய்விடும். அதற்கு இலேசான நேர் அழுத்தம் மட்டுமே.

வாயிறுக்கம் தளர்ந்த கழுத்துக்கு மருந்தாகாது. கோதுகளின் நீளம் கொஞ்சம் வேறுபட்டாலும் ஒன்று இறுகும், இன்னொன்று நசுங்கிப் புடைக்கும். தொழிற்சாலைகள் அளவுகளை ஒரு ஒழுங்குக்குள் வைத்திருக்கவே அமெரிக்காவில் 1926இல் தனி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது.

12 போர் தோட்டாவில்

நம் பக்கத்துத் தோட்டாவில் பிளாஸ்டிக் அல்லது கடதாசிக் கோதின் வாயை ஆறு அல்லது எட்டு மடிப்பாக மடித்து மூடியிருப்பார்கள். இந்த மடிப்புக்கு இரண்டு வேலை. குண்டுகள் கொட்டாமல் காப்பது ஒன்று. மருந்து சீராகப் பற்றி எரியும் வரை உள்ளிருப்பதைத் தடுத்து வைப்பது மற்றது.

ஒரு முறை சுட்ட கோதின் மடிப்பு தளர்ந்திருக்கும். மலைநாட்டு ஈரத்தில் கடதாசிக் கோது ஊதியும் இருக்கும். மடிப்பு பிடிக்காவிட்டால் மருந்து அரைகுறையாக எரிந்து, அடைப்பு குழலுக்குள்ளேயே சிக்கலாம். சத்தம் மெல்லியதாகக் கேட்கும். "வெடிக்கவில்லை" என்று நினைத்து அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளந்துவிடும். முன்கையும் முகமும் இருப்பது அந்தக் குழலுக்கு அருகில்தான்.

எந்த மருந்து என்று தெரியாமல் போடுவது இதைவிட மோசம். கரிமருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் பார்வைக்குச் சிறு வித்தியாசம்தான், அமுக்கத்தில் பெரும் வித்தியாசம். பழைய தோட்டாவை உடைத்து எடுத்த மருந்து எந்தத் துவக்குக்காகச் செய்யப்பட்டது என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டுத்துவக்கின் குழலோ பெரும்பாலும் அமுக்கத்தைத் தாங்குமா என்று சோதிக்கப்படாத வெறும் இரும்புக் குழாய்.

சட்டமும் உயிரும்

துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், வெடிமருந்தை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. அனுமதியில்லாமல் தோட்டா நிரப்புவதற்கு இங்கே இடமில்லை. துவக்கு உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அனுமதி உள்ளவர் கடையில் வாங்கும் புதிய தோட்டாவை மட்டும் பயன்படுத்துவது, ஊறிய தோட்டாவை ஒதுக்கி வைப்பது, சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் தோட்டாவை அகற்றிக் குழலைப் பார்க்காமல் மறுபடி சுடாமல் இருப்பது: இந்த மூன்றும் காசு செலவில்லாத காவல்.

வடக்கு கிழக்கில் இன்னமும் மண்ணுக்குள்ளிருந்து வெடிக்காத ரவைகள் வெளிவருகின்றன. அவற்றைக் கையால் எடுக்கவோ உடைக்கவோ வேண்டாம், 119க்கு அறிவியுங்கள். யாராவது காயப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்சை அழையுங்கள். அது இலவசம். வழக்கு வரும் என்று பயந்து காயத்தை மறைத்தால் கையோ கண்ணோ போய்விடும். பன்றி தின்ற பயிரை அடுத்த போகத்தில் மறுபடி நடலாம்.